“இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?” – வாசகர் கேள்வி பதில்

எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிப்பதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. மதுரை செல்லூரில் வீடு. கணவருக்குச் சிம்மக்கல் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை. நான் முன்பு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். அந்தக் கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அதிகம் பேர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும்? டைம் டேபிள் உண்டா?
– வாசகி, திண்டுக்கல்

உண்டு. ஆனால் முதலில் போட்ட டைம் டேபிள் இல்லை, சகோதரி. மகள் இரண்டாம் வகுப்பு முடித்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். முதல் ஆறு மாதம் ஹாலில் கரும்பலகை மாட்டி, ஒன்பதே காலுக்கு உட்கார வைத்து, நாற்பது நிமிடத்துக்கு ஒரு பாடம் என்று நடத்தினேன். ஒரு நாள் மதியம் அவள், “அம்மா, நீங்க எப்போ டீச்சர், எப்போ அம்மான்னு எனக்குத் தெரியல” என்றாள். அன்றைக்கே பலகையைக் கழற்றிவிட்டேன்.

இப்போது காலை எட்டரை முதல் பதினொரு மணி வரைதான் புத்தகமும் நோட்டும். தமிழ், கணக்கு, ஆங்கிலம் மூன்றும் தினமும் உண்டு. அரசுப் பாடநூல்களையே வைத்திருக்கிறோம். அறிவியலும் சமூக அறிவியலும் அதே வரிசையில் போவதில்லை, பார்க்கிற இடத்தையும் எழுகிற கேள்வியையும் பொறுத்துப் பாடம் மாறும். பதினொரு மணிக்கு மேல் வீட்டு வேலை. மகன் வெங்காயம் உரிப்பான், மகள் மோர் கடைவாள். சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் எல்லோரும் அவரவர் புத்தகத்தோடு படுத்துக்கொள்வோம். அத்தையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வார இதழ் படிப்பார். அந்த ஒரு மணி நேரத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

திங்கள் மதியம் அப்பாவின் கடை. புதன் முழுநாளும் வெளியே. வெள்ளி மதியம் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம். மற்ற நாள்களில் மாலை ஐந்து மணி ஆனால் தெருவில் இருப்பார்கள், இருட்டும்போது கூப்பிட்டால்தான் வருவார்கள்.

எனக்கே கணக்கு வராது. நான் எப்படிச் சொல்லித்தருவது? இதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.
– வாசகி, தேனி

நீங்கள் வாசலில் கோலம் போடுவீர்களா? அப்படியானால் கணக்கு வராது என்று சொல்லாதீர்கள்.

எங்கள் அத்தை மார்கழியில் 15 புள்ளி வைத்து, 8 வரை இடுக்குப் புள்ளிக் கோலம் போடுவார். நடுவில் 15, இரண்டு பக்கமும் 14, 13, 12 என்று குறைந்து 8-இல் முடியும். “மொத்தம் எத்தனை புள்ளி அப்பத்தா?” என்று மகள் கேட்டாள். அறுபது வருடமாகப் போடுகிறவருக்கு யாரும் அதைக் கேட்டதில்லை. மகள் கூட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் 77, இரண்டு பக்கமும் 154, நடு வரிசையோடு 169. கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அம்மா, இது 13 பெருக்கல் 13!” என்று கத்தினாள். வேறு கோலங்களிலும் இப்படி வருமா என்று அடுத்த ஒரு வாரம் நோட்டு முழுக்கப் புள்ளியாக வைத்துப் பார்த்தாள். 3-இல் தொடங்கி 2-இல் முடிகிற சின்னக் கோலத்துக்கு 7, 5-இல் தொடங்கி 3-இல் முடிவதற்கு 19. இவை எதுவும் அப்படி அமையவில்லை. 15-க்கு 8 மட்டும் ஏன் அமைந்தது என்று இன்றும் கேட்கிறாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன், சேர்ந்தே தேடுகிறோம்.

மகனுக்கு வகுத்தல் வந்தது கடையில். மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்றின் ஸ்டேட்டரில், அதாவது சுழலாத பகுதியில், கம்பிச் சுருள் உட்கார 36 ஸ்லாட் (பள்ளம்). நான்கு போல் (காந்த முனை) மோட்டார் என்றால் ஒரு போலுக்கு 9 ஸ்லாட், அதை மூன்று ஃபேஸுக்குப் பிரித்தால் மும்மூன்று. தப்பாகப் பிரித்தால் காயில் (கம்பிச் சுருள்) உட்காராது, மோட்டார் ஓடாது. அங்கே விடையைச் சரியா தப்பா என்று சொல்வது மோட்டார்தான், நானோ அவன் அப்பாவோ இல்லை. செப்புக் கம்பியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிந்துகொண்டே போகும் என்பது அவனுக்கு இரண்டு நாள் பிடிபடவில்லை. கம்பியின் தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து அவனையே அளக்கச் சொன்னார் அவன் அப்பா. அதற்குப் பிறகு மறக்கவில்லை. (மின் இணைப்பு உள்ள எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது என்பது கடையில் கண்டிப்பான விதி.)

உங்கள் கணவர் என்ன வேலை செய்கிறார், உங்கள் தெருவில் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தையல்காரர் கைக்கும் கொத்தனார் கைக்கும் தெரிந்த கணக்கை நான் எந்த நோட்டிலும் பார்த்ததில்லை.

சட்டப்படி இது சரியா? நாளைக்குச் சான்றிதழுக்கு என்ன செய்வீர்கள்?
– வாசகர், கரூர்

தவிர்க்கக் கூடாத கேள்வி. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை, வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாகவும் எதுவும் இல்லை. இதை முழுதாகப் படித்து, யோசித்து, அதன் பிறகுதான் முடிவெடுத்தோம். “எல்லாம் அனுமதிதான்” என்று யாராவது எளிதாகச் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். திரும்பிப் போக வழி இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது.

மகள் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப்போகிறாள். தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்கள் போதும், தமிழையும் எடுக்கலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். மகள் இரண்டிரண்டாக எழுதுவதாகச் சொல்கிறாள்.

மாற்றுச் சான்றிதழை (டி.சி.) மறக்காமல் வாங்கிவிடுங்கள். அவள் படித்த பள்ளியில் அதற்காக என்னை ஐந்து முறை நடக்க வைத்தார்கள். அலுத்துப்போய் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். விடாமல் வாங்கியதால் இன்று நிம்மதியாக இருக்கிறது.

புதன்கிழமை வெளியே போவதாக எழுதியிருந்தீர்கள். எங்கெல்லாம் போவீர்கள்? அதற்கே நிறையச் செலவாகுமே?
– வாசகி, விருதுநகர்

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-இல் வந்ததிலிருந்து எனக்கும் மகளுக்கும் டிக்கெட் செலவில்லை. மகனுக்கு மட்டும் அரை டிக்கெட். புளிச்சாதம், தண்ணீர், ஒரு சீப்பு வாழைப்பழம் வீட்டிலிருந்தே எடுத்துப் போவோம். நுழைவுக் கட்டணம் இருக்கிற இடங்களுக்கு மாதம் ஒரு முறைதான்.

நாங்கள் அதிகம் போனது கீழடிக்கு. ராமநாதபுரம் சாலையில் சிலைமானைத் தாண்டிப் போக வேண்டும். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. முதல் முறை போனபோது நான் ஒரு தவறு செய்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்று இருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து “என்ன பார்த்தீங்க?” என்றால் “பானை” என்றான் மகன். அவ்வளவுதான். அடுத்த முறை ஆளுக்கு ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அதன் முன்னாலேயே உட்கார்ந்து வரைய வேண்டும். மகள் நூல் நூற்கும் தக்களியை எடுத்துக்கொண்டாள். மகன் ‘ஆதன்’ என்று பெயர் கீறிய பானை ஓட்டை எடுத்துக்கொண்டான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவர் தன் பானையில் பெயர் எழுதி வைத்திருக்கிறார், அதை நாம் வாசிக்கிறோம் என்றதும் அவனுக்கு நிலைகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து உடைந்த பூந்தொட்டி ஓட்டில், கடையிலிருந்து கொண்டுவந்த ஆணியால், பழந்தமிழ் எழுத்தான தமிழியில் தன் பெயரைக் கீறினான். மூன்றே எழுத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது, விரலில் கொப்புளம். “அம்மா, அந்த ஆதனுக்கும் கை வலிச்சிருக்கும்ல?” என்று கேட்டான். அந்த ஓடு இன்னும் எங்கள் ஜன்னலில் இருக்கிறது.

அங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றைக் கரிமக் காலக்கணிப்பு செய்து கி.மு. 580 என்று கண்டிருக்கிறார்கள். 353 செ.மீ. என்றால் எவ்வளவு? எங்கள் வீட்டுச் சுவர் பத்தடி, போதவில்லை. மொட்டை மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரிலிருந்து டேப்பை இறக்கினோம். மகள் மேலே பிடித்துக்கொள்ள, மகன் கீழே நின்று, “இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு” என்றான். பதினொன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அவ்வளவு மண் சேர எத்தனை மழையும் எத்தனை வெள்ளமும் வந்திருக்கும் என்று அன்று இரவு சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு.

அப்புறம், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மாதம் இரண்டு முறை விடியற்காலையில் போவோம். மதுரை மல்லி அன்றைக்குக் கிலோ என்ன விலை என்று கேட்டு மகள் நோட்டில் குறித்துக்கொள்வாள். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் ஏறும், மறுநாள் இறங்கும். மார்கழியில் பனி விழுந்து வரத்துக் குறைந்தால் எங்கேயோ போய்விடும். ஒரு வருட விலையை வரைபடத்தாளில் போட்டு, எந்த மேட்டுக்கு என்ன காரணம் என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அங்கே பூ கட்டுகிற ஒரு பாட்டி, சரம் தொடுக்கும் வேகத்தைக் குறைக்காமலே அவளுக்குப் பதில் சொல்வார்.

மழை நாளென்றால் புது நத்தம் சாலையிலிருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, நாள் முழுக்க உட்காரலாம்.

வெயில் தணிந்த மாதங்களில் கீழக்குயில்குடி சமணர் மலை. தாமரைக் குளத்தைப் பார்த்துக்கொண்டே ஏறி, பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் சிற்பங்களையும் அடியில் இருக்கும் வட்டெழுத்தையும் (பழைய தமிழ் எழுத்து வகை) பார்ப்பதுண்டு. சுனையருகே சோற்றைப் பிரித்தால் குரங்கு வரும், கவனம்.

வெளியிடத்தில் “இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?” என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?
– வாசகி, சிவகாசி

“வீட்டுல படிக்கிறாங்கண்ணே” என்று சொன்னால் போதும். எங்கள் வழித்தடத்துக் கண்டக்டர் ஒருவர் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். அக்கறையில்தான் கேட்டார், பள்ளிக்குப் போகாத பிள்ளை வேலைக்குப் போகிறதோ என்று பயந்திருக்கிறார். இப்போது அவரே மகனைக் கூப்பிட்டு அன்றைய டிக்கெட் கணக்கைக் கூட்டச் சொல்கிறார். அப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிற ஊர் நல்ல ஊர் என்றே நினைக்கிறேன்.

மற்ற பிள்ளைகளோடு பழக்கமே இல்லாமல் போய்விடாதா?
– வாசகர், கோவில்பட்டி

எங்கள் தெருவில் கபடி, கிட்டி, மாடியில் பட்டம். அவர்களோடு ஆடுகிற பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்குப் போகிறவர்கள்தான். பகலில் கணவரின் கடை ஆட்கள், நூலகர், பூக்காரப் பாட்டி என்று பெரியவர்களோடு நன்றாகப் பேசுகிறார்கள். ஆனால் ஒரு குறையை மறைக்க மாட்டேன். மகளுக்குத் தன் வயதில் நெருங்கிய தோழி ஒருத்தி வேண்டும் என்ற ஏக்கம் இருக்கிறது. தெருப் பெண்கள் பள்ளிக் கதை பேசும்போது அவள் ஓரமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே சனிக்கிழமை சிலம்ப வகுப்பில் சேர்த்தேன். அங்கே ஒரு பெண் அவளோடு ஒட்டியிருக்கிறாள். அடுத்த வருடம் பள்ளிக்குப் போகிறேன் என்று மகள் சொன்னால் அனுப்புவேன். ஒவ்வொரு சித்திரையிலும் இருவரையும் தனித்தனியாகக் கேட்கிறேன், என்ன சொன்னாலும் கோபிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன்.

மாமியார் ஒத்துக்கொள்ளவே இல்லை. என்ன செய்வது?
– வாசகி, ராஜபாளையம்

எங்கள் அத்தை ஒரு வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை. “நான் மூணாங்கிளாஸோட நின்னவ. என் பேத்தியையும் நிறுத்திட்டியே” என்றார். அந்த வலி நியாயமானது. வாதம் செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள், சகோதரி. பிள்ளை படிப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். நான் செய்தது ஒன்றுதான். தினமும் மாலை மகள் அப்பத்தாவுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று வைத்தேன். மாதங்கள் போகப் போக அத்தையே கேள்வி கேட்க ஆரம்பித்தார். இப்போது உறவினர் யாராவது குறை சொன்னால் முதலில் பதில் சொல்வது அவர்தான்.

போன், டிவி?
– வாசகி, பழனி

டிவி அத்தையின் அறையில், இரவு ஒரு மணி நேரம். போன் என்னுடையது மட்டும்.

இந்த முடிவுக்காக எப்போதாவது வருந்தியது உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

உண்டு. மகனுக்கு எட்டு வயது ஆகியும் வாசிப்பு வரவில்லை. எழுத்து தெரியும், கூட்டிப் படிக்க வராது. பக்கத்து வீட்டுப் பையன் முதல் வகுப்பில் சரளமாகப் படிப்பதைக் கேட்டுவிட்டு வந்த ஒரு மாலை, இவனை உட்கார வைத்து ஒரே வரியைப் பத்து முறை படிக்கச் சொன்னேன். பத்தாவது முறையும் தடுமாறினான். கையை ஓங்கி அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. புத்தகத்தை மூடி என் பக்கமாகத் தள்ளி வைத்தான். அந்தத் தள்ளல் இன்னும் என் மனதில் இருக்கிறது. பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று பேசுகிற நான் வீட்டில் அதைச் செய்தேன். அன்று இரவே மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம், பார்வையில் குறை இல்லை. மூன்று மாதம் அவனை வாசிக்கவே சொல்லவில்லை, நான் மட்டும் வாசித்துக் காட்டினேன், விரலை வரியின் கீழே ஓட்டிக்கொண்டே. இப்போது வாசிக்கிறான், மெதுவாகத்தான். நீண்ட சொல் வந்தால் நின்று, பிரித்து, மறுபடி சேர்த்துப் படிக்கிறான். வயதுக்குத் தகுந்த வேகம் இன்னும் வரவில்லை. இந்த டிசம்பருக்குள் தெளிவாகாவிட்டால் வாசிப்புக் குறைபாட்டுக்குப் பரிசோதிக்கிறவரிடம் போவோம் என்று முடிவு செய்திருக்கிறோம். உங்கள் வீட்டில் இப்படி இருந்தால் என்னைப் போல நாள் கடத்தாமல் முன்பே போங்கள்.

என் களைப்பையும் சொல்ல வேண்டும். எனக்கென்று ஒரு நாள்கூட இல்லாமல் இரண்டு வருடம் ஓடியது. இப்போது ஞாயிறு காலை முழுக்கப் பிள்ளைகள் அப்பா பொறுப்பு. ஒருவரே தாங்கினால் இது நீடிக்காது. கணவர் பாதியை ஏற்காத வீட்டில் இதைத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மாசி வீதிகளையும் மீனாட்சி கோயிலையும் பார்க்க மதுரை வருகிறோம். ஒரே நாள்தான். பிள்ளைகளுக்கு 8, 11 வயது. எப்படிச் சுற்றலாம்?
– வாசகி, ஈரோடு

வாருங்கள், சந்தோஷம். காலையில் வெயிலுக்கு முன் கோயில். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணச் சொல்லுங்கள். 985 தான் இருக்கின்றன. மீதி 15 தூண்களுக்கான இடத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எங்கள் மகன் மூன்று முறை எண்ணி மூன்று விடை சொன்னான்.

அங்கிருந்து மேலமாசி வீதிக்கு நடந்துவிடலாம். 251-ஏ எண் வீட்டில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தன் பழைய உடையை விட்டுவிட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். அந்தக் கோலத்தில் அவர் முதலில் மக்கள் முன் வந்த இடம் காமராசர் சாலையில் இருக்கிறது, காந்தி பொட்டல் என்று கேட்டால் சொல்வார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959 முதல் இருக்கிறது. சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. உங்கள் எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், என் மகன் சொல்லாமல் பார்த்துவிட்டு இரவு தூங்கவில்லை. மாலையில் தெப்பக்குளம் போங்கள். படியில் காற்று நன்றாக வரும், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட இட்லி கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.